நடுவில் தண்ணீராக ஓர் ஐஸ் பார்

இருபத்தாறு வருஷமாக ஐஸ் பார் எடுக்கிற இஞ்ஞாசிக்கு, ஒரே ஒரு பாருக்குள்ளே தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. வெளியே சொன்னால் மானம் கப்பலேறிவிடும். அதனால் அவன் சொல்லவில்லை. பள்ளிக்கூட மண்டபத்து மேடையின் ஓரத்தில், நீல பிளாஸ்டிக் நாற்காலியில், எல்லாம் தெரிந்த ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தான். முழங்காலில் இடிக்கிற மாதிரி, சக்கரப் பலகை மேலே, மீன் அள்ளிப் போடுகிற பெரிய தொட்டி. தொட்டிக்குள்ளே மரத்தூள், மரத்தூளுக்குள்ளே சாக்கு, சாக்குக்குள்ளே அந்த ஐம்பது கிலோ பார். மேடை நடுவில் அவன் தங்கச்சி ஜெசிந்தா மைக்கைப் பிடித்துக்கொண்டு, முந்நூறு பெண்பிள்ளைகளுக்குச் சனிக் கிரகத்தின் நிலா ஒன்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்செலடஸ் என்று பேர். இஞ்ஞாசி வாய்க்குள்ளேயே நாலு தடவை சொல்லிப் பார்த்தான். பரவாயில்லை, நம்ம கடற்கரைத் தெருவில் வாயில் நுழையாத பேர் எத்தனையோ இருக்கிறது, அதோடு இதுவும் ஒன்று. மணி பதினொன்று பத்து. பன்னிரண்டுக்குப் பேச்சு முடியும். முடிகிறபோது இந்தப் பாரைப் பிள்ளைகள் முன்னால் உடைத்துக் காட்ட வேண்டும். உடைத்தால் உள்ளே தண்ணீர் இருக்க வேண்டும். அதற்கப்புறம் தலைமைச் சிஸ்டர் அவளைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அஞ்சே காலுக்குப் பெங்களூர் ரயில். நடுவில் எங்கேயாவது கிடைக்கிற சந்தில் இஞ்ஞாசி வாயைத் திறந்து, வீட்டுக்கு வா என்று சொல்லியாக வேண்டும். ஒன்பது வருஷமாகச் சொல்லாதது. பெண்டாட்டி பிலோமி காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள், "கூட்டிக்கிட்டு வாங்க. தனியா வந்து நின்னீங்கன்னா குழம்புச் சட்டியக் கண்ணுலயே காட்ட மாட்டேன்." சொன்னால் செய்கிறவள்.

பார் போடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நீளமான தகரக் கேனில் தண்ணீர் பிடித்து, சில்லிட்ட உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் வரிசையாக இறக்கிவிட்டால், ஒரு நாளில் தானே கல்லாகிவிடும். ஓரத்திலிருந்து உறைந்துகொண்டே வரும். நடுவில் இருக்கிற தண்ணீர்தான் கடைசிவரைக்கும் முரண்டு பிடிக்கும். மேலே இருந்து எட்டிப் பார்த்தால் வெள்ளைக்கு நடுவே ஒரு கீற்று ஈரம் தெரியும், அது மூடிக்கொண்டால் பார் தயார். ஆனால் ஜெசிந்தா கேட்டது வேறே. மேலேயும் மூடியிருக்கணுமாம், உள்ளே மட்டும் தண்ணீர் இருக்கணுமாம். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பாரை எவனும் கேட்டதில்லை. பாதி உறைந்ததை எடுத்துக் கொடுத்தால் மீன்பிடி போட்டுக்காரர்கள் சட்டையைப் பிடிப்பார்கள். நேற்றுச் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு கேனை இறக்கி, சிவப்புக் கயிறு கட்டி, எவனும் தொடக் கூடாது என்று சத்தம் போட்டுவிட்டு வந்தான். விடிந்ததும் போய், கேன் வாயில் தகரத் தட்டு ஒன்றை வைத்து, அதன் மேலே உப்புக் கலந்த ஐஸ் தூளைக் குவித்தான். எட்டு மணிக்கெல்லாம் மேல்முகமும் வெள்ளையாக மூடிக்கொண்டது. கேனைச் சாதாத் தண்ணீரில் முக்கிக் கவிழ்த்தான், வழுக்கிக்கொண்டு வந்தது. அழகான பார். மேலே மட்டும், நெற்றியில் அடிபட்ட பிள்ளைக்கு மாதிரி ஒரு புடைப்பு. ஐஸ் இழுக்கிற கொக்கியின் பின்புறத்தால் தட்டிப் பார்த்தான். முழுசாக உறைந்தது என்றால் டங் என்று கேட்கும், தண்ணீர் இருந்தால் தொப் என்று கேட்கும். இது டங்கும் இல்லை தொப்பும் இல்லை, நடுவாந்திரமாக என்னமோ ஒரு சத்தம். கூத்து என்னவென்றால், சும்மா நாளில் ராத்திரிக்கு இரண்டு தடவை வோல்டேஜ் இறங்கிக் கழுத்தறுக்கிற ஐஸ் பிளாண்டில் நேற்று ஒரு நிமிஷம்கூட இறங்கவில்லை. கம்ப்ரஸர் விடிய விடிய மாடு மாதிரி உழைத்திருக்கிறது. அந்த விசுவாசத்தில் நடுத் தண்ணீரும் கல்லாகியிருந்தால் என்ன செய்வது. நல்லது நடக்கிறதுக்கும் ஒரு நேரம் காலம் வேண்டாமா.

"நூத்தி நாப்பது கோடி கிலோமீட்டர்" என்று ஜெசிந்தா சொன்னாள். "சூரியன்ல இருந்து சனி அவ்வளவு தள்ளி இருக்கு. நம்ம இங்க இருந்து ரேடியோவுல 'சாப்பிட்டியா'ன்னு கேட்டா, அங்க போய்ச் சேரவே ஒரு மணி இருபது நிமிஷம். 'சாப்பிட்டேன்'னு பதில் வந்து சேர இன்னொரு ஒரு மணி இருபது நிமிஷம்." பிள்ளைகள் சிரித்தார்கள். நல்லாத்தான் பேசுகிறாள். குரல் அப்படியே இருக்கிறது, கொஞ்சம் கரகரப்பு சேர்ந்திருக்கிறது. இரண்டு மணி நாற்பது நிமிஷம் என்ன பெரிய விஷயம். போன வாரம் செவ்வாய்க்கிழமை அவன் போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. 'ஒரு ஐஸ் பார் வேணும். சுத்தி ஐஸ், நடுவுல தண்ணி. சனிக்கிழமை காலையில. முடியுமா?' அண்ணன் கிண்ணன் ஒன்றும் கிடையாது, மொட்டையாக. இஞ்ஞாசி பிளாண்டு வாசலில் நின்று அதை எட்டுத் தடவை படித்தான். நல்லா இருக்கியா என்று எழுதி அழித்தான். எப்ப வாரே என்று எழுதி அழித்தான். அரை நாள் கழித்து, 'முடியும்' என்று ஒரே ஒரு வார்த்தையை அனுப்பினான். பிலோமி வாங்கிப் பார்த்துவிட்டு, இதுக்கா அரை நாள் என்று கேட்டாள். பிலோமியும் அவளும் மாதம் தவறாமல் போனில் பேசிக்கொள்கிறவர்கள். அப்போதெல்லாம் இஞ்ஞாசி டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுச் செய்தியை ரொம்பக் கவனமாகப் பார்ப்பான். காய்ச்சல் வந்தது, வீடு மாறினது, ஜெர்மனி போதும் என்று பெங்களூருக்கே வந்துவிட்டது, எல்லாம் அந்தச் செய்தியில்தான் தெரியும். இன்று காலையில் தொட்டியை இறக்கும்போது ஜெசிந்தா பள்ளிக்கூட வாசலில் நின்றாள். காதோரம் நரைத்திருந்தது. வந்துட்டீங்களா என்றாள். வந்துட்டேன் என்றான். கனமா இருக்கா என்றாள். அம்பது கிலோ என்றான். ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் கூடப்பிறந்தவர்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தது? அப்போதே சொல்லியிருக்கலாம், பிலோமி சீலா மீன் வாங்கி வச்சிருக்கா என்று. சீலாவில் ஆரம்பித்தால் அப்படியே மற்றதுக்கும் போயிருக்கலாம். மற்றது என்றால் ஒன்றே ஒன்றுதான். அப்பாதான் சொன்னாரு. இரண்டே வார்த்தை. அதை அவன் ஐஸ் வண்டியில், குளிக்கிற இடத்தில், பூசையில் முழங்கால் போட்டிருக்கிற நேரத்தில் என்று நூறு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறான். எல்லா இடத்திலும் நன்றாகத்தான் வருகிறது.

மண்டபம் சில்லென்று இருந்தது, இல்லை, முழங்கால் மட்டும்தான் சில்லென்று இருந்தது. தொட்டிக்குள்ளே இருந்து டிக் என்று ஒரு சத்தம் வந்தது. பார் விரிசல் விடுகிற சத்தம். பொறுத்துக்கோ என்று அதனிடம் சொன்னான், இன்னும் அரை மணிதான். ஜெசிந்தா அந்த நிலா எப்படி உருவானது என்கிற இடத்துக்கு வந்திருந்தாள். அதன் பிறந்த தேதியிலேயே தகராறாம். சனியோடு சேர்ந்தே நானூற்று ஐம்பது கோடி வருஷத்துக்கு முன்னாடி பிறந்தது என்று ஒரு கட்சி. இல்லை இல்லை, பழைய நிலாக்கள் ஒன்றோடொன்று மோதித் தூளாகி, அந்தத் தூள் மறுபடியும் ஒட்டி ஒட்டி உருண்டதுதான் இது, வெறும் பத்துக் கோடி வருஷம்தான் இருக்கும் என்று இன்னொரு கட்சி. இஞ்ஞாசி இரண்டாவது கட்சியில் சேர்ந்துகொண்டான். உடைத்த ஐஸைப் பெட்டியில் போட்டு ஒரு நாள் மறந்துவிட்டால் போதும், துண்டு துண்டாக இருந்தது ஒரே கட்டியாக இறுகிவிடும், அப்புறம் கொக்கி போட்டால்கூடப் பிரியாது. இதை ஜெர்மனிக்குப் போய்த்தான் படிக்கணுமா. பிளாண்டு வாசலுக்கு வந்திருந்தால் காட்டியிருப்பேன். நினைத்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. உண்மையில் அவளுக்கு அதைக் காட்டியிருக்கிறான். ஏழு வயசில் பெட்டி மேலே ஏறி நின்று, ஏன் ஒட்டுது, ஏன் ஒட்டுது என்று நச்சரித்தாள், அவனுக்கு அப்போது பதினாலு, தெரியாது போடி என்றான். இந்தப் பொம்பளை அப்போது கேட்ட கேள்விக்குத்தான் இன்றைக்கு வரைக்கும் பதில் தேடிக்கொண்டு அலைகிறாள் போல.

அப்பா பேர் கஸ்பார். முப்பத்து நாலு வருஷம் ஐஸ் சுமந்தவர், தோளில் சாக்கு, சாக்கு மேலே பார், பிளாண்டிலிருந்து போட்டுக்கு. வலது கையில் மூன்று விரல் நுனிகளில் உணர்ச்சி செத்துப் போய்விட்டது. டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, சூடு இருக்காலே என்று இஞ்ஞாசியைக் கேட்பார். ஊரில் ஒரு சாவு என்றால் ஐஸ் அப்பா தோளில்தான் போகும். வெளியூர்ப் பிள்ளைகள் வந்து முகம் பார்க்கிறவரைக்கும் கட்டிலுக்கு அடியில் இரண்டு பார், மேலே மரத்தூள், உருக உருக மாற்ற வேண்டும். அப்படி ஒரு வீட்டுக்கு மூன்றாவது தடவையாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த அன்றைக்கு, சாக்கை உதறிக்கொண்டே சொன்னார், "என்னைய மட்டும் ஐஸுல கிடத்திராதலே. சூடு இருக்கும்போதே கொண்டு போயிரு." அவ்வளவுதான். சாக்கைக் கொடியில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அம்மா அதற்கு முன்னாலேயே போய்விட்டாள், வீட்டில் வேறே யாரும் இல்லை. அந்தப் பேச்சுக்குச் சாட்சி கிடையாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதம், காலை ஏழரைக்கு அப்பா போனார். போன் போட்டால் ஜெசிந்தா ஜெர்மனியில், விமானம் கிடைத்து வந்து சேர நாளை ராத்திரி ஆகும், வைங்க என்கிறாள். வைக்க முடியாது, சாயங்காலமே எடுக்கிறோம் என்றான் இவன். அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். "ஐஸ் பிளாண்டுலயே இருக்க. எனக்காக ரெண்டு பார் வைக்க முடியாதா உனக்கு?" அந்த இடத்தில், அந்த ஒரு இடத்தில், அப்பாதான் சொன்னாரு என்று சொல்லியிருந்தால் முடிந்தது விஷயம். அவள் அழுதிருப்பாள், அவனும் அழுதிருப்பான். ஆனால் இஞ்ஞாசி சொன்னது வேறே. "வரணும்னு இருந்தா முன்னாலேயே வந்திருப்ப." போன் வைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஏன் அப்படிச் சொன்னான்? மூன்று வருஷம் அப்பாவைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, சோறு ஊட்டினது அவனும் பிலோமியும். அந்த எரிச்சல் உள்ளே கிடந்தது. அவள் கேட்டதும் எடுத்துக் குத்திவிட்டான். குத்தணும் என்று நினைத்துத்தான் குத்தினான், தெரியாமல் இல்லை. அதுதான் அவனை இன்றைக்கும் படுத்துகிறது. அப்பா சொன்னதை அப்பாவுக்காக மறைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. கோபத்துக்காக மறைத்தான். இப்போது போய்ச் சொன்னால் நம்புவாளா? ஒன்பது வருஷம் கழித்து, தனக்குத் தோதாக ஒரு கதை கட்டுகிறான் என்று நினைக்க மாட்டாளா? நானாக இருந்தால் அப்படித்தான் நினைப்பேன்.

"அவ்வளவு குளிர்ல உள்ள எப்படித் தண்ணி உறையாம இருக்கு?" என்று ஜெசிந்தா கேட்டாள். முன்வரிசையில் ஒரு பிள்ளை, உள்ள நெருப்பு இருக்கும் மேம் என்றது. இல்லையாம். அது சனியை ஒரு சுற்றுச் சுற்ற முப்பத்து மூன்று மணி நேரம். சுற்றும்போது ஒரு தடவை கிட்டே வரும், ஒரு தடவை தள்ளிப் போகும். கிட்டே வரும்போது ஒரு பிசை, தள்ளிப் போகும்போது ஒரு பிசை, சப்பாத்தி மாவைப் பிசைகிற மாதிரி சனி அதைப் பிசைந்துகொண்டே இருக்கிறது. சும்மா விட்டிருந்தால் எப்போதோ கல்லாகியிருக்கும். விடாமல் படுத்துகிறதால்தான் உள்ளே சூடு. இதைச் சொன்னபோது அவள் இஞ்ஞாசி பக்கம் திரும்பவில்லை, திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை, அவள் நிலாவைப் பற்றித்தான் சொல்கிறாள். இருந்தாலும் அவனுக்கு இதமாக இருந்தது. உள்ளதைச் சொன்னால், காலையிலிருந்தே அவனுக்கு இதமாகத்தான் இருக்கிறது. பயம் ஒரு பக்கம் கிடக்கட்டும். கூடப்பிறந்தவள் பத்தடி தள்ளி நின்று பேசுகிறாள், முந்நூறு பிள்ளைகள் வாய் பிளந்து கேட்கிறார்கள், விசிறி சுற்றுகிறது, மடியில் கை இருக்கிறது. இப்படி ஒரு காலை ஒன்பது வருஷத்தில் வரவில்லை. பிலோமி இந்நேரம் மீனைக் கழுவி மஞ்சள் தடவியிருப்பாள். அந்த நிலா இத்தனூண்டுதான், குறுக்கே ஐநூறு கிலோமீட்டர், தூத்துக்குடியில் ஏறினால் திண்டிவனம் வருவதற்குள் நிலா முடிந்துவிடும் என்றாள். திண்டிவனம். அப்பாவைப் பெரியாஸ்பத்திரிக்கு, சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அங்கேதான் பஸ்ஸை நிறுத்தினார்கள். அப்பா டீ வேண்டாம் என்றார். கிளாஸ் சின்னது, பிடிக்க வரல என்றார்.

"சரி, மேல இருபது முப்பது கிலோமீட்டர் கனத்துக்கு ஐஸ். யாரும் தோண்டிப் பாக்கல. அப்ப உள்ள கடல் இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" இஞ்ஞாசி நிமிர்ந்து உட்கார்ந்தான். இது நம்ம கேள்வி. தட்டிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தான். இல்லை. அது சுற்றும்போது லேசாக ஆடுகிறதாம். மேல் ஓடும் உள்ளே இருக்கிற பாறையும் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தால் அவ்வளவு ஆடாது. நடுவில் தண்ணீர் இருப்பதால்தான் ஓடு தனியாக ஆடுகிறது. அந்த ஆட்டத்தைப் படம் படமாக வைத்து அளந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். அட. இது ஏன் நமக்குத் தோன்றவில்லை? தேங்காய் வாங்கினால் ஆட்டிப் பார்க்காமல் வாங்குவோமா. தொட்டிதான் சக்கரப் பலகையில் இருக்கிறதே. முழங்காலால் மெதுவாக ஒரு தள்ளு, பாதத்தால் ஒரு இழுப்பு. உள்ளே எதாவது பின்தங்கி வந்து இடிக்கிறதா? இடித்த மாதிரி இருந்தது. மரத்தூள் நகர்ந்ததாகவும் இருக்கலாம். இன்னொரு தள்ளு, கொஞ்சம் பலமாக. சக்கரம் கிரீச் என்று கத்தியது. முன்வரிசை முழுக்க அவனைத் திரும்பிப் பார்த்தது. அவன் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். "அங்க பாருங்க," என்று ஜெசிந்தா மைக்கில் சொன்னாள், "அவரும் அதத்தான் செஞ்சு பாக்காரு." மண்டபமே சிரித்தது. அவளும் சிரித்தாள், ஒரு பக்கப் பல் மேலே ஏறின அந்தச் சிரிப்பு. இஞ்ஞாசிக்குக் காது சூடாகிவிட்டது, ஆனால் வெட்கம் இல்லை, என்னமோ சந்தோஷம். அவரு என்கிறாளே, அதுதான் கொஞ்சம் உறுத்தியது.

இன்னும் பத்து நிமிஷம். தெற்குப் பக்கத்தில் ஓடு மெலிசாம், அங்கே நாலு பெரிய விரிசல், அது வழியாக உள்ளே இருக்கிற கடல் பீச்சிக்கொண்டு வெளியே வருகிறதாம், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்துக்கு. ஒரு விண்கலம் அந்தப் பீச்சலுக்குள்ளேயே புகுந்து போய் ருசி பார்த்தது. உப்பு இருந்தது, உயிருக்கு வேண்டிய சில சத்துகள் இருந்தன. மூன்றாவது வரிசையில் ஒரு பிள்ளை எழுந்து நின்றது, ஒல்லியாக, இரட்டைப் பின்னல். "மேம், அப்ப அங்க மீன் இருக்குமா?" தூத்துக்குடிப் பிள்ளை வேறே எதைக் கேட்கும். ஜெசிந்தா மைக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். "தெரியாதும்மா. மீன் இருக்காதுன்னுதான் நினைக்கேன், கண்ணுக்குத் தெரியாத சின்னதா ஏதாவது இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். உயிர் இருக்குன்னு யாரும் இன்னும் பாக்கல. ஆனா தண்ணி இருக்கு, சூடு இருக்கு, சாப்பாட்டுக்கு வழி இருக்கு. வந்தா இருக்கலாம். அவ்வளவுதான் சொல்ல முடியும்." வந்தா இருக்கலாம். இஞ்ஞாசி அதைப் பிடித்துக்கொண்டான். அப்பா படுத்திருந்த அறையைப் பிலோமி நேற்றுக் கழுவித் துடைத்து, புதுப் பாய் வாங்கிப் போட்டிருக்கிறாள். ஃபேன் ஓடுகிறதா என்று இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். வந்தால் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் படுக்கலாம், ரயிலுக்குத்தான் நேரம் இருக்கிறதே. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சாக்குக்குள்ளே மறுபடியும் டிக் என்றது. உள்ளே தண்ணீர் இல்லை என்றால்? முந்நூறு பிள்ளைகள் முன்னால் அவள் தலைகுனிவாள். ஒரு பார் கேட்டாள், அதைக்கூட ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்றாகிவிடும். இரண்டாவது தடவையும். மாதாவே, கல்லாப் போயிருக்கக் கூடாது. பனிமய மாதா என்று பேர் வைத்துக்கொண்டு, பனியே விழாத ஊரில் இத்தனை வருஷமாக நிற்கிறாய், இந்த ஒரு ஐஸ் பாரையாவது பார்த்துக்கொள்ள மாட்டாயா. வேண்டிக்கொண்டதும் அவனுக்கே கூச்சமாக இருந்தது, மாதாவிடம் போய்க் கொஞ்சம் உறையாமல் பார்த்துக்கொள் என்று கேட்பதற்கு.

"இப்ப எங்க அண்ணன் வந்து இத உடைச்சுக் காட்டுவாங்க" என்றாள் ஜெசிந்தா. இஞ்ஞாசிக்கு முதலில் அது யார் என்று விளங்கவில்லை. எல்லாரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்றதும்தான் எழுந்தான். நாற்காலி ஓரம் சாத்தி வைத்திருந்த ஐஸ் உடைக்கிற கம்பியைப் பழக்கத்தில் கை தானே எடுத்துக்கொண்டது. சாக்கை விலக்கினான். பாரின் மேல் மெல்லிசாகப் புகை எழுந்தது, பிள்ளைகள் முன்னால் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். புடைப்பைப் பார்த்துக் கம்பியை வைத்து ஒரு குத்து. டங். வெள்ளைத் தூள்தான் பறந்தது. இரண்டாவது குத்து. டங். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எங்க அண்ணன் என்று சொல்லிவிட்டாள், இனிமேல் கல்லாக இருந்தால் என்ன, தண்ணீராக இருந்தால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது, வந்ததும் அதை விரட்டினான். தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். கம்பியைக் கொஞ்சம் சாய்த்து, போட்டில் கடைசிப் பாரைப் பிளக்கிறபோது போடுகிற மாதிரி, தோளிலிருந்து இறக்கினான். சரக்கென்று உள்ளே போனது. கம்பியை உருவினதும் அரை முழ உயரத்துக்குத் தண்ணீர் பீச்சி அவன் மூக்கில் அடித்தது. அவள் சேலையில் அடித்தது. இரட்டைப் பின்னல் பிள்ளையின் மூக்குக்கண்ணாடியில் அடித்தது. முந்நூறு பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள், சிஸ்டர் காதைப் பொத்திக்கொண்டார். இஞ்ஞாசி மூக்கைத் துடைத்துக்கொண்டு, இதெல்லாம் எனக்கு முன்னாலேயே தெரியும் என்கிற முகத்தோடு நின்றான்.

பிள்ளைகள் ஆளுக்கு ஒரு சில்லு ஐஸை வாயில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்கள். சிஸ்டர் சாப்பாடு தயாரா என்று பார்க்கப் போனார். மேடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இஞ்ஞாசி குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாக்கால் ஒற்றினான். ஜெசிந்தா வந்து எதிரே உட்கார்ந்தாள். பாரில் விழுந்திருந்த ஓட்டைக்குள்ளே கையை விட்டாள், மணிக்கட்டு வரைக்கும் போனது.

"எப்படி விறைக்குது. அப்பா எப்படித்தான் தாங்குனாரோ."

இதுதான் நேரம். இதைவிட நல்ல சந்து இனிமேல் கிடைக்காது. நூறு தடவை சொல்லிப் பார்த்த இரண்டு வார்த்தை. "சிந்தா," என்றான், "அன்னைக்கு அப்பாதான்..." சாக்கைப் பிழிந்தான். பிழிந்த சாக்கையே மறுபடியும் பிழிந்தான்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஐஸுல வைக்கக் கூடாதுன்னு சொன்னது. எங்கிட்டயும் சொல்லிருக்காரு. எட்டாப்புப் படிக்கும்போது. சூடு இருக்கும்போதே கொண்டு போயிரணும்னு."

இஞ்ஞாசி சாக்கைக் கீழே வைத்தான். "அப்ப ஏன் கேட்ட?"

"நான் வந்து பாக்கணும்னு கேட்டேன். அவரு சொன்னது அந்த நேரத்துல ஞாபகமே இல்ல. போன வச்ச பிறகுதான் உறைச்சுது. அவரு வேண்டாம்னு சொன்னத நீ செய்யல, நான் செய்யச் சொல்லிருக்கேன். அத உங்கிட்ட எப்படிச் சொல்ல? நாளைக்கு, நாளைக்குன்னு இருந்தேன். ஒரு வருஷம் போச்சு, ரெண்டு வருஷம் போச்சு. அதுக்கப்புறம் உன் நம்பரப் பாத்தாலே வெக்கமா இருக்கும்."

வெட்கமா. ஒன்பது வருஷமாக அவன் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தது வெட்கமா. தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று அவன் பொத்திப் பொத்தி வைத்திருந்த அந்தப் பேச்சு அவளிடமும் இருந்திருக்கிறது, அதே வார்த்தையோடு, சூடு இருக்கும்போதே என்பது முதற்கொண்டு. அப்பா இரண்டு பிள்ளையிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், மறந்துவிடுவார்கள் என்று நினைத்திருப்பார். இஞ்ஞாசிக்குக் கண் கலங்கியது. மறைக்கவில்லை. முகம்தான் ஏற்கெனவே நனைந்திருக்கிறதே. "நானும் அன்னைக்கு அப்படிச் சொல்லிருக்கக் கூடாது" என்றான். "வரணும்னு இருந்தா வந்திருப்பன்னு. அது தப்பு."

அவள் கையை ஓட்டையிலிருந்து எடுத்தாள். விரல்கள் சிவந்து போயிருந்தன. அந்தக் கையை அவன் தன் இரண்டு கைக்குள்ளேயும் வைத்துத் தேய்த்தான், அவன் கையும் ஐஸ் கையாகத்தான் இருந்தது, ஒரு பிரயோசனமும் இல்லை. இருந்தாலும் தேய்த்தான். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"வீட்டுக்கு வா" என்றான். "சீலாக் குழம்பு வச்சிருக்கா."

"கூப்பிடுவியா மாட்டியான்னு காலையில இருந்து பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று எழுந்தாள் ஜெசிந்தா. ஈரச் சேலையை உதறினாள். "இரு, சிஸ்டர்ட்ட சொல்லிட்டு பைய எடுத்துட்டு வாரேன்." நாலு எட்டு வைத்தவள் நின்று திரும்பினாள். "மதினி குழம்புல மாங்கா போட்டிருக்காவளா?"

"போட்டிருக்கா" என்றான் இஞ்ஞாசி.

போட்டாளோ இல்லையோ, அவனுக்கு எங்கே தெரியும். அவள் பையை எடுத்துக்கொண்டு வருவதற்குள் பிலோமிக்கு ஒரு போன் போட்டுவிட வேண்டும்.